இரண்டு சாவிகள்

பித்தளைச் சாவியை உடம்போடு வைத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. வேர்வை பட்டுப் பட்டுப் பச்சை பூத்துவிடும், துணியில் கறை பிடிக்கும். நான் ஞாயிறுதோறும் எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகுதான் மறுபடி சட்டைப் பையில் போடுவேன். இருபத்துநான்கு வருடமாக அந்தச் சாவி என்னைவிட்டு மூன்றடிக்கு அப்பால் போனதில்லை. குளிக்கும்போதுகூடக் குழாய்க்கு மேலே ஓர் ஆணியில் தொங்கும்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐயா. உங்கள் விசாரணை அறிக்கையில் நான்காம் பக்கத்தில், 'தோட்டாக்களைப் பாதுகாத்ததில் கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறீர்கள். மற்றபடி நல்ல அறிக்கைதான். அறையின் அளவு, சன்னல் உடைந்த விதம், மேசையில் எத்தனை தட்டுகள் இருந்தன என்பதுவரை சரியாக இருக்கிறது. அந்த ஒரு வரிதான் எனக்குப் பொறுக்கவில்லை. யாரும் என்னை இங்கே இழுத்து வரவில்லை. அதைத் திருத்தச் சொல்லத்தான் நானாக வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் அப்பா விட்டுப்போனது ஒரு மாடி வீடு, ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கி, இரண்டு பிள்ளைகள். கீழ்வீடு அண்ணனுக்கு, மேல்வீடு எனக்கு. அண்ணன் பெயிண்ட் கடை வைத்திருந்தார். தெருமுனையில் அவர் சிரித்தால் மாடியில் என் சன்னல் கண்ணாடி அதிரும், அப்படிப்பட்ட குரல். அவருக்கு மனைவி, ஒரு மகள். எனக்கு யாரும் இல்லை. ஏன் இல்லை என்பதற்கும் வருகிறேன்.

துப்பாக்கி உரிமத்தில் அண்ணன் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது. வீட்டைப் பார்வையிட வந்த லைசென்ஸ் அதிகாரி சொன்னது இவ்வளவுதான்: துப்பாக்கி இரும்புப் பீரோவில் இருக்க வேண்டும், பீரோவைச் சுவரோடு போல்ட் போட்டு முடுக்க வேண்டும், தோட்டாக்கள் வேறோர் இடத்தில் வேறொரு பூட்டுக்குள் இருக்க வேண்டும். சட்டம் கேட்டது அத்தோடு முடிந்தது. அதற்கு மேல் ஒன்றை நான் சேர்த்தேன்.

நான் ஒரு மருத்துவமனையில் மருந்துக் கிடங்குப் பொறுப்பாளன். கடுமையான வலி மருந்துகள் இருக்கும் அலமாரிக்கு அங்கே இரண்டு பூட்டுகள். ஒரு சாவி என்னிடம், இன்னொன்று தலைமைச் செவிலியரிடம். ஒருவர் மட்டும் திறக்க முடியாது. இந்த ஏற்பாட்டைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பீரோ கீழே அண்ணன் அறையில், அதன் சாவி அண்ணனிடம். தோட்டாப் பெட்டி மேலே என் அலமாரியில், அதன் சாவி என்னிடம். மாற்றுச் சாவி கிடையாது.

அண்ணன் அன்றைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நல்லதுடா. நான் உன்னைச் சுட முடியாது, நீ என்னைச் சுட முடியாது. ரெண்டு பேரும் நிம்மதியா சாப்பிடலாம்" என்றார். பிறகு அண்ணியைக் கூப்பிட்டு, "இந்தா பாரு, இவன் என் தம்பி இல்ல, பூட்டு" என்றார். அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர். தெருவில், கடையில், சொந்தக்காரர்கள் வீட்டில், எல்லா இடத்திலும் நான் பூட்டு. பால் போடுகிற பெண்ணுக்குக்கூட என் சொந்தப் பெயர் தெரியாது.

மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்குத் துப்பாக்கியைச் சுத்தம் செய்வோம். செய்வோம் என்றால் நான் செய்வேன். சாப்பாட்டு மேசைமேல் பழைய போர்வையை விரித்து, குழல்களுக்குள் துணி சுற்றிய கம்பியை விட்டு இழுத்து, எண்ணெய் தடவித் துடைப்பேன். தோட்டாப் பெட்டியையும் கீழே கொண்டுவந்து, அண்ணன் முன்னால் திறந்து எண்ணிக் காட்டி, ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவேன். நோட்டில் மூன்று பத்திகள்: தேதி, இருப்பு, குறிப்பு. இருபத்துநான்கு வருடத்தில் ஒரு மாதம்கூட விட்டுப்போகவில்லை.

அது பழைய மாதிரித் துப்பாக்கி. குழல்களின் பின்புறத்தில் வெளியே தெரிகிற மாதிரி இரண்டு சின்னச் சுத்திகள் இருக்கும். கட்டைவிரலால் அவற்றைப் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டு, கீழே விசையை இழுத்தால் சுத்தி விழும். விசையும் இரண்டு. முன்விசை வலது குழலுக்கு, பின்விசை இடது குழலுக்கு. சுத்தம் முடிந்ததும் அண்ணன் என் கையிலிருந்து துப்பாக்கியை வாங்குவார், சுத்திகளை இழுத்து நிறுத்துவார், என் நெற்றிக்கு நேரே நீட்டி விசையை இழுப்பார். டொக் என்று ஒரு சத்தம். "பூட்டு காலி" என்பார். வெறும் துப்பாக்கியில் சுத்தியை விழ வைப்பது உள்ளே இருக்கும் ஊசிக்கு நல்லதல்ல. இதை அவரிடம் முப்பது தடவையாவது சொல்லியிருப்பேன்.

உலகத்தில் எந்த வீட்டிலும் துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் நடுவில் மடித்துத் திறந்து குழலுக்குள் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. தோட்டாச் சாவி என் பையில் இருக்கும்போது குழலில் தோட்டா எப்படி வரும்? அண்ணன் அப்படித்தான் நினைத்தார். அண்ணியும் அப்படித்தான். பாதுகாப்பு கொஞ்சம் அதிகமாகிவிட்ட வீடு எங்களுடையது.

இப்போது நான் ஏன் தனியாள் என்பதற்கு வருகிறேன். எனக்கு முப்பத்துநான்கு வயதிருக்கும்போது ஒரு ஞாயிறு, எங்கள் மருத்துவமனைச் செவிலியர் ஒருத்தி தன் அக்காவோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். அவளும் நானும் ஒருவரையொருவர் விரும்பினோம் என்று சொன்னால் கொஞ்சம் அதிகம். விரும்பத் தொடங்கியிருந்தோம். எனக்கு அது போதுமானதாக இருந்தது. சாப்பாடு முடிந்ததும் அண்ணன் உள்ளே போய்ப் பீரோவைத் திறந்து துப்பாக்கியோடு வந்தார். "இந்தப் பூட்டைக் கட்டிக்கிட்டு நீ என்னம்மா செய்யப்போற? இப்பவே சுட்டுடறேன், உனக்கு நல்ல மாப்பிள்ளையா நானே பார்க்கறேன்" என்று சொல்லிக் குழலை என் முகத்துக்கு நீட்டினார்.

அதற்கு முன்னால் பதினைந்து இருபது தடவை அதே குழலைப் பார்த்திருக்கிறேன். சாவி என் பையில் இருந்தது. ஆனாலும் அன்றைக்கு, என்னவென்று தெரியவில்லை, டொக் சத்தம் கேட்டபோது நான் மேசைக்கு அடியில் இருந்தேன். இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டிருந்தேன். அண்ணன் குனிந்து மேசை விரிப்பைத் தூக்கிப் பார்த்து, "டேய், சாவி உன்கிட்டதானடா இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. அடுத்த வாரம் நான் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நடந்தபோது எக்ஸ்ரே அறையிலிருந்து யாரோ நாக்கால் டொக் என்று சத்தம் போட்டார்கள். அது ஏழு மாதம் நடந்தது. பிறகு அவள் எக்ஸ்ரே எடுக்கிறவரையே கட்டிக்கொண்டாள்.

நான் அண்ணனை வெறுத்தேன். இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. அந்த ஞாயிறு முதல் இந்த வருடம் வரை ஒருநாள் தவறாமல், பல் தேய்ப்பதுபோல ஒழுங்காக வெறுத்தேன். ஆனால் அந்த வெறுப்பை வைத்து நான் எதுவும் செய்யவில்லை. என் அண்ணன் மகள் என் மேசையில் உட்கார்ந்துதான் பாடம் எழுதி வளர்ந்தாள். என் சட்டைக்குப் பட்டன் போனால் அவள்தான் தைத்துக் கொடுப்பாள். அவள் மட்டும் என்னைப் பூட்டு என்று கூப்பிட்டதில்லை.

இந்த வருடம், சுத்தம் செய்கிற ஞாயிறுக்கு இரண்டு நாள் முன்னால் அவள் மேலே வந்தாள்.

"சித்தப்பா, மூணு வாரம் கழிச்சு அவர் அவங்க அம்மாவோட சாப்பிட வர்றார்" என்றாள். அவர் என்பது அவள் கட்டிக்கொள்ளப்போகிற பையன். கண்ணாடிக்கடை வைத்திருக்கிறார். என்னுடைய படிக்கிற கண்ணாடியே அவர் செய்து கொடுத்ததுதான்.

"சந்தோஷம்மா."

"அப்பா அந்தத் துப்பாக்கியை எடுத்துட்டு வந்து விளையாடுவார். எனக்குத் தெரியும். நீங்க எப்படியாவது பார்த்துக்கங்க சித்தப்பா. அவர் கொஞ்சம் பயந்த சுபாவம்."

"பார்த்துக்கறேன், நீ கவலைப்படாதே" என்றேன்.

யோசனையை அவள் கொடுத்தாள் என்று சொல்ல மாட்டேன். தேதியை மட்டும்தான் அவள் கொடுத்தாள்.

அண்ணன் சாக வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. இதை நீங்கள் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். செத்துப்போனவரை யார் பார்த்துச் சிரிக்க முடியும்? அவர் உயிரோடு இருக்க வேண்டும். அறை நிறைய ஆட்கள் பார்க்க, கையில் புகைகிற துப்பாக்கியோடு நின்று, தன் மகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்கப்புறம் முப்பது வருடம் அவர் வாழ வேண்டும், நான் மாடியிலிருந்து அதைப் பார்க்க வேண்டும். கண்ணாடிக்கடைக்காரர்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. எதிரே உட்காரப்போகிறவர் அவர், அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு வழக்கம்போலச் சுத்தம் செய்தேன். பெட்டியில் பதினெட்டுத் தோட்டாக்கள் இருந்தன. நோட்டில் தேதியை எழுதினேன். இருப்பு என்ற பத்தியில் பதினேழு என்று எழுதினேன். குறிப்பு என்ற பத்தியில், 'ஒன்று, வலது குழலில்' என்று எழுதினேன். நீல மையில், தெளிவான கையெழுத்தில். அண்ணன் பெயிண்ட் டப்பா வராத விஷயமாகப் போனில் யாரையோ திட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அவர் படிக்கவில்லை என்றால் அது என் குற்றமா? உங்கள் ஆட்களும் பெட்டியில் பதினேழு இருக்கிறதா என்று எண்ணினார்கள், நோட்டில் பதினேழு என்று இருக்கிறதா என்று பார்த்தார்கள், சரியாக இருக்கிறது என்று மூடி வைத்தார்கள். குறிப்பு என்ற பத்தியை யாரும் படிப்பதே இல்லை. எங்கள் கிடங்கிலும் அப்படித்தான்.

கையெழுத்து ஆனதும் வழக்கம்போல என்னைச் சுட்டார். டொக். பூட்டு காலி. பிறகு எண்ணெய்க் கையைக் கழுவப் போனார். துப்பாக்கியைப் பீரோவில் வைப்பது என் வேலை, வந்து பூட்டுவது அவர் வேலை. அவர் சோப்புப் போட்டுக் கைகழுவி முடிப்பதற்குள் எனக்குப் போதுமான நேரம் இருந்தது. ஒரு குழலில்தான் போட்டேன். இன்னொன்றைக் காலியாகவே விட்டேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டிலும் போட்டிருக்கலாம், போடவில்லை. பாதிக்குப் பாதி என்று விட்டுவிட்டேன். அதற்குமேல் நடப்பது என் கையில் இல்லை.

இருபத்தொரு நாள் அது உள்ளே இருந்தது. நான் வேலைக்குப் போனேன், வந்தேன். நன்றாகத் தூங்கினேன். இரண்டு பூட்டுகளும் பூட்டியே இருந்தன. லைசென்ஸ் அதிகாரி அந்த நாட்களில் எப்போது வந்து பார்த்திருந்தாலும் ஒரு குறை சொல்லியிருக்க முடியாது.

அவர்கள் சாப்பிட வந்த ஞாயிறு மத்தியானம் மேசையில் ஆறு பேர். அண்ணனுக்கு ஒரு வழக்கம் உண்டு, விளையாட்டுக்குக்கூடப் பெண்கள் பக்கம் குழலை நீட்ட மாட்டார். அதனால் நான் அண்ணிக்கும் மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டேன். மாப்பிள்ளை எதிரே தனியாக, சுவருக்கு முன்னால். எல்லாம் நல்லபடியாக இருந்தது. அண்ணி சிரித்தார், அந்த அம்மாவும் சிரித்தார், மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் எழுந்து உள்ளே போனார். பீரோக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அண்ணன் மகள் என்னைப் பார்த்தாள். நான் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"வேண்டாங்க. சாப்பிட்ட இடத்துல அந்தச் சனியன் எதுக்கு?" என்றார் அண்ணி.

அண்ணன் துப்பாக்கியோடு வந்து நின்றார். அப்போது அவர் மகள் எழுந்து நடுவில் போனாள். "அப்பா, எனக்காக. இன்னைக்கு வேண்டாம். அவரைச் சுட வேண்டாம்" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார். என் ஆயுளில் முதல்தடவையாக அவர் ஒரு விளையாட்டைக் கைவிடுவதைப் பார்த்தேன். கைவிடவும் இல்லை, திருப்பிப் போட்டார்.

"சரி, அழாதே. மாப்பிள்ளையைச் சுடல. பூட்டையும் சுடல. இருபத்துநாலு வருஷமா சுட்டுட்டேன், அவனும் பாவம்" என்றார். "இன்னைக்கு மாத்திக்குவோம். மாப்பிள்ளை, நீங்க என்னைச் சுடுங்க. பொண்ணைக் கூட்டிட்டுப் போறவர் அப்பனைச் சுட்டுட்டுத்தானே போகணும்."

எல்லோருக்கும் உயிர் வந்தது. சிரித்தார்கள். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அண்ணன் இரண்டு சுத்திகளையும் இழுத்து நிறுத்தி, துப்பாக்கியை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, சன்னலோரம் போய் நின்றார். போகிற வழியில் என் தோளைத் தொட்டு, "நீ பயப்படாதே, தள்ளி உக்காரு" என்றார். கிண்டலாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

"எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல மாமா" என்றார் மாப்பிள்ளை.

"அட, வெறும் துப்பாக்கிங்க. தோட்டாச் சாவி அந்தா அவன்கிட்ட இருக்கு. காட்டுடா."

நான் பையிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினேன். அன்று காலையில்தான் தேய்த்திருந்தேன், பளபளவென்று இருந்தது. மாப்பிள்ளை அதைப் பார்த்துத் தலையாட்டினார்.

அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லியிருக்கலாம். சொன்னால், தோட்டா எப்படி உள்ளே வந்தது என்று கேட்டிருப்பார்கள். இருபத்துநான்கு வருடம் நான் கட்டிக்காத்த ஏற்பாடு ஒரு நிமிடத்தில் சந்தி சிரித்திருக்கும். அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லியே சாகும்வரை சிரித்திருப்பார். அதுவுமில்லாமல், பாதிக்குப் பாதிதானே.

மற்றது உங்கள் அறிக்கையில் இருக்கிறது. சன்னலும் இருக்கிறது.

அண்ணன் தப்பித்துக்கொண்டார். எனக்கு அப்படித்தான் தோன்றியது, இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது. வந்தவர்கள் எல்லோரும் அவர் எவ்வளவு கலகலப்பான மனிதர் என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். கண்ணாடிக்கடைக்காரர் உங்கள் காவலில் இருக்கிறார். கடை பூட்டிக் கிடக்கிறது. அண்ணி என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

பதினோராம் நாள் அண்ணன் மகள் மேலே வந்து, பழையபடி என் மேசையில் உட்கார்ந்தாள்.

"நான் வேண்டாம்னு சொல்லாம இருந்திருந்தா அப்பா இருந்திருப்பார் இல்ல சித்தப்பா?"

அது உண்மைதான். அண்ணன் இருந்திருப்பார். அவள் கட்டிக்கொள்ளப்போகிறவர்தான் இருந்திருக்க மாட்டார். ஆனால் அதை நான் அவளிடம் சொல்லவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். அவளுக்காக நான் வருத்தப்படுகிறேன், ஐயா. என் மகளாக இருந்தாலும் அதைவிட வருத்தப்பட்டிருக்க மாட்டேன்.

ஆகையால் நான்காம் பக்கத்தைத் திருத்துங்கள். கவனக்குறைவு என்ற சொல் அங்கே வரக் கூடாது. தோட்டா தவறிப்போய் உள்ளே கிடக்கவில்லை. யார் வைத்தது, எந்தத் தேதியில், எந்தக் குழலில் என்பதெல்லாம் நோட்டில் இருக்கிறது, உரிமத்தின் முதல் பெயர்க்காரர் கையெழுத்தும் இருக்கிறது. கண்ணாடிக்கடைக்காரரை விடுவதும் வைத்துக்கொள்வதும் உங்கள் விருப்பம்.

இன்னொன்றும் விட்டுப்போயிருக்கிறது, அதையும் சேர்த்துவிடுங்கள். எந்த விசையை அழுத்துவது என்று தான் யாரிடமோ கேட்டதாகவும், யார் பதில் சொன்னார்கள் என்று நினைவில்லை என்றும் அவர் சொல்லியிருக்கிறார். ஏழாம் பக்கத்தில் இருக்கிறது. பாவம், பதற்றத்தில் மறந்திருப்பார்.

அவர் விரல் முதலில் பின்விசையில்தான் இருந்தது. பின்விசை இடது குழலுக்கு. அதை இழுத்திருந்தால் டொக் என்று ஒரு சத்தம் வந்திருக்கும். எல்லோரும் கைதட்டியிருப்பார்கள், அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவதுபோல நடித்திருப்பார், அண்ணி பழத்தட்டை எடுத்து வந்திருப்பார். ஆனால் அவர் இழுக்கவில்லை. எதையும் கேட்டுச் செய்கிற பையன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினார்.

"சின்ன மாமா, இதுல எதை அழுத்தணும்?"

துப்பாக்கியைப் பற்றி யார் என்ன கேட்டாலும் நான் தவறான பதில் சொன்னதில்லை. அண்ணன் இத்தனை வருடமாக இழுத்தது ஒரே விசையைத்தான்.

"முன்னால இருக்கறது" என்றேன்.